தம்பிக்கு ஒரு பேச்சு

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொள்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அது வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான். திட்டாதே.

ஒரு விஷயம். வருகிற செப்டம்பரில் அண்ணனுக்கு ஐம்பது வயது முடிகிறது. அண்ணி பெரிய மண்டபம் பிடித்திருக்கிறாள். அட்டைப்பெட்டி வாங்கும் வியாபாரிகள், கம்பெனி ஆட்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். "வீட்டு சார்பா ஒருத்தர் எழுந்து நல்லா பேசணும். சும்மா வாழ்த்துக்கள்னு சொல்லிட்டு உட்காரக் கூடாது" என்கிறாள் அண்ணி. நம் வீட்டில் பேச்சு என்றால் நீதானே. சின்ன வயதில் உனக்கு ரேடியோ என்று பேர் வைத்ததே அண்ணன்தான். கம்பெனி ஆண்டு விழாவுக்கு நீ எழுதிக் கொடுத்து அவர் பேசியதைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கு வருகிற மாதிரி ஒரு பேச்சு எழுதி அனுப்பு.

போன் வேண்டாம். என் போன் கம்பெனி போன், பில் அண்ணன் மேஜைக்குத்தான் போகும். கடிதத்தை வீட்டுக்கும் போடாதே. தெருமுனைத் தையல்காரர் கடை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

அம்மா நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 14

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். தொண்டையைப் பற்றிக் கேட்டாயே, அது வெந்நீரில் ஓடுகிறது. கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, மூன்று ஷிப்ட். ஊரில் உள்ள எல்லாருக்கும் வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று சொல்கிறேன். என்னை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டியும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது.

வீட்டைவிட்டு வந்து பதினோரு வருஷம்டா. என் பேச்சை எடுத்தாலே அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று நீதானே சொன்னாய். இப்போது அவருடைய விழாவில் என் பேச்சா? யார் மனசு எப்படி இளகியது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த அதிர்ஷ்டத்தைக் குறுக்கு விசாரணை செய்கிற புத்தி எனக்கில்லை.

ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். அப்பா போனபின் வாடகைக் கொட்டகையில் ஒரு பசை வாளியோடு அண்ணன் தொடங்கியது, முதல் ஆர்டர், எல்லாம் இருக்கிறது. முக்கியமாக அந்த மழை. பள்ளிக்கூட வாசலில் நான் நனைந்துகொண்டு நின்றபோது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பெட்டிகளில் ஒன்றை அவரே கிழித்து என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார். ஒரு பெட்டி குறைந்ததற்கு வியாபாரியிடம் திட்டு வாங்கினார். அதை என் வாயால் சொல்லும்போது மண்டபத்தில் ஒருவர்கூட இருமக் கூடாது, பார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பேசி முடித்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுக்கிறேன். புடவை என்ன நிறம் கட்டட்டும் என்று அண்ணியிடம் கேட்டு எழுது.

அம்மாவின் காலைத் தொட்டதாகச் சொல்.

ரேடியோ அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, அதனால்தான் தாமதம்.

பேச்சு ரொம்ப நன்றாக இருக்கிறது. படித்துவிட்டுத் தையல் கடையிலேயே கண் கலங்கிவிட்டேன். சில இடங்களில் மட்டும் சின்னச் சின்ன மாற்றம். வெறும் 'பெட்டி' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'அட்டைப்பெட்டி' என்று போடு. 'கம்பெனி' வேண்டாம், 'நிறுவனம்' என்று இருக்கட்டும், கௌரவமாக இருக்கும். 'குடும்பம்' என்பதற்கு 'வீடு'. 'பசை வாளி'க்கு வேறு ஏதாவது. 'பெரியண்ணன்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், 'அண்ணன்' போதும்.

அப்புறம் அந்த மழை. அது நல்ல இடம், அப்படியே இருக்கட்டும். ஆனால் உன் தலைக்கு என்பதைத் தம்பி தலைக்கு என்று மாற்றிவிடு. கேட்கிறவர்களுக்குச் சின்னப் பையன் என்றால் இன்னும் உருக்கமாக இருக்கும்.

அம்மா நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது, நிறையத் தண்ணீர் குடி.

உன் தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபின் கொஞ்சம் குறைவாக நன்றாக இருக்கிறேன்.

கௌரவமாம், உருக்கமாம். யாரிடம்டா கதை விடுகிறாய்? நீ மாற்றச் சொன்ன சொல்லையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் 'ப'விலும் 'க'விலும் தொடங்குகிறது. அந்த இரண்டிலும் யார் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? கடைக்குப் போய் 'பால்' என்று கேட்க வாய் வராமல் தயிர் வாங்கிக்கொண்டு வருவாயே, அதனால் நம் வீட்டில் எப்போதும் தயிர் வழியுமே, மறந்துவிட்டதா? பள்ளிக்கூடத்தில் நீ ஒப்பிக்க வேண்டிய பாடத்தில் எல்லாம் 'பசு'வை அடித்து 'மாடு' என்றும், 'கிளி'யை அடித்து 'அந்தச் சிவப்பு மூக்குக்காரி' என்றும் எழுதிக் கொடுத்தவள் நான்.

ஆக, பேசப்போவது நீ.

சரி. கோபம் வந்தது, மைக்கை அணைக்க மறந்து ஒரு பெருமூச்சு விட்டேன், ஆறாம் நடைமேடையில் நின்ற சனமெல்லாம் நிமிர்ந்து பார்த்தது. இப்போது ஆறிவிட்டது. நீ எழுந்து நின்று பேசினால் எனக்கும் பெருமைதான். சொன்ன மாற்றமெல்லாம் செய்து அனுப்பியிருக்கிறேன். மழையையும் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள். அந்த மழையில் நீ வீட்டில் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய் என்பது அம்மாவுக்கும் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் எங்கே உட்காருவேன் என்று மட்டும் எழுது. கடைசி வரிசையானாலும் சரி.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

உன்னிடம் மறைக்க முடியுமா? ஆமாம், நான்தான் பேசப் போகிறேன். அண்ணன் இரண்டாவது கம்பெனி தொடங்குகிறார். அதை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவனை நம்பி எப்படிக் குடுக்கிறது? வியாபாரிகிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச வராது." எனக்கு முப்பத்தெட்டு வயது அக்கா. இன்னும் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அண்ணிதான் எனக்காகப் பரிந்து, "பொறந்தநாளன்னிக்கு அவனைப் பேச விடுங்க, பார்க்கலாம்" என்றாள். அந்தப் பேச்சு நன்றாக வந்தால் கம்பெனி எனக்கு.

உன் இடத்தைப் பற்றி யோசித்துவிட்டேன். நேராக மண்டபத்துக்குள் வந்தால் ரகளையாகிவிடும். எதிரே ஒரு காபிக் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திரு. பேச்சு முடிந்து எல்லாரும் கை தட்டும்போது அண்ணன் மனசு குளிர்ந்திருக்கும். அப்போது, "இதை எழுதினது அக்காதான், வாசல்ல நிக்கிறா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். அத்தனை பேர் முன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? இது சத்தியம்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நலம்தான்.

உன் தம்பி


மே 8

என் தம்பிக்கு,

காய்ச்சலுக்குப்பின் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, குரல் உடையும். இனி உன் தொண்டை என் பொறுப்பு. எனக்கு ஒரு குறையும் இல்லை.

காபிக் கடை போதும். உன் திட்டத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உனக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் உன் கணக்குப் பாடத்தை நான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன்.

பேச்சில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒற்றைக் கோடு வந்தால் மூச்சு எடு. இரட்டைக் கோடு வந்தால் நிறுத்தி, ஆட்களைப் பார். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மோவாய்க்குக் கீழே இருக்கட்டும். எங்கே ஒட்டுகிறதோ அங்கே தள்ளாதே, மூச்சை விட்டுவிட்டு மறுபடி வா. மாடியில் நின்று சத்தமாகப் படித்துப் பழகு.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன். கம்பெனி வெட்டு மெஷினில் அந்த வேலையாளின் விரல்கள் போன நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. வேலை வேகமாக நடக்க மெஷினின் தடுப்பைக் கழற்றச் சொன்னது அண்ணன். அப்போது பக்கத்தில் நின்றது நீயும் நானும். விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன், அதற்காக வீட்டை இழந்தேன். நாளைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். உன்னையும் கேட்டார். உனக்கு வாய் வரவில்லை, வியர்த்துக் கொட்டியது. "சரி, உட்காருப்பா" என்று விட்டுவிட்டார். பாவம் பையன் என்று எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. உன்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. விழாவன்று என்னைக் கூட்டிப்போகும்போது பயப்படாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

புடவை எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம். அம்மாவுக்கும் ஒன்று எடுத்திருக்கிறேன்.

ரேடியோ


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே? மழையில் நனையாதே.

தினமும் மாடியில் பழகுகிறேன். நம்பமாட்டாய், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நீ எழுதிய பேச்சில் என் வாய்க்கு இடறுகிற கல்லே இல்லை.

போன வாரம் அண்ணன் பேச்சைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். நானே எழுதியது என்று நினைத்துக்கொண்டார். வேறு எப்படிச் சொல்வது? "பரவாயில்லையே" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை அக்கா. அப்புறம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் இருக்கு. கூட இருந்தே குழி பறிச்சாங்களே, அது இல்லையே? அதையும் தாண்டி வந்தவன்னு ஒரு வரி சேரு. அது இல்லாம என் வாழ்க்கை என்ன?"

நான் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் சொன்னபடியே சொல்லலாம் என்றால் 'கூட', 'குழி', 'பறிச்சாங்க', மூன்றும் எனக்கு மலை. அந்த ஒரு வரியில் திக்கினால் எல்லாம் போச்சு. அண்ணன் சிரிப்பார், வியாபாரிகளும் சிரிப்பார்கள்.

தப்பாக நினைக்காதே. பேர் சொல்ல வேண்டாம், பொதுவாக ஒரு வரி. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? அன்றைக்கே உன்னை உள்ளே கூட்டி வரப்போகிறேன், அப்போது அந்த வரி தானாகவே பொய்யாகிவிடும்.

உன் தம்பி


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? கடிதம் கிடைத்ததா? தையல்காரரிடம் தினமும் கேட்கிறேன், தலையை ஆட்டுகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நாள் நெருங்குகிறது.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. விடுப்பும் இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வண்டி தாமதம், பொறுத்தருளவும் என்று நாள் முழுக்கச் சொன்னேன். உனக்கு எழுதத்தான் கை வரவில்லை.

என் கழுத்துக்கு நானே கயிறு திரிக்க வேண்டும், அதுவும் உன் கைக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். நல்லதுடா. வேறு யாராவது கேட்டிருந்தால் கடிதத்தைக் கிழித்து முகத்தில் எறிந்திருப்பேன். நீ கேட்டாய். நீ சின்ன வயதில் எதைக் கேட்டும் நான் இல்லை என்றதில்லை, அந்தத் திமிர்தான் உனக்கு. உன் மேல் எனக்கு எரிச்சல் இருக்கிறது. இருந்தும் எழுதியிருக்கிறேன்:

'அண்ணன் உயிராக நம்பிய ஒருத்தியே அவருக்கு எதிராக நின்றாள். அன்றும் அவர் தளரவில்லை.'

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உன்னைத் தடுக்கிற ஒரு எழுத்துகூட இதில் இல்லை. மழைக்கு அடுத்தபடி சேர்த்துக்கொள்.

விழாவன்று காபிக் கடையில் இருப்பேன். அம்மாவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் 'நலம்' என்று ஒரு வார்த்தை எழுதுகிறாய். போன இரண்டிலும் அதுவும் இல்லை. இந்தத் தடவையாவது இரண்டு வார்த்தை எழுது.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வரி கிடைத்தது. தேன் மாதிரி இருக்கிறது. அண்ணனிடம் காட்டினேன், இரண்டு தடவை படித்தார்.

அவசரமாக எழுதுகிறேன். நீ இந்தத் தடவை வர வேண்டாம். அண்ணனுக்குப் புதுக் கம்பெனி டென்ஷன், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். விழா முடிந்து ஒரு மாதத்தில் நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிக் கூப்பிடுகிறேன். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு.

அம்மா நலமாக இருக்கிறாள்.

தம்பி


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நான் சந்தோஷமாக இருக்கிறேன், உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். விழா அமோகம். உட்கார இடமில்லாமல் ஆட்கள் ஓரத்தில் நின்றார்கள். கேக் வெட்டியதும் நான் பேசினேன். மழை வந்த இடத்தில் அண்ணி அழுதுவிட்டாள். முடித்ததும் அண்ணன் மேடையிலேயே என்னைக் கட்டிப் பிடித்து, "ரெண்டாவது கம்பெனி என் தம்பிக்கு" என்றார். முதல் தேதியிலிருந்து சாவி என்னிடம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரி இருக்கிறதே, அதை நான் சொல்லவில்லை அக்கா. 'அண்ணன் உயிராக' என்று தொடங்கினேன், அதோடு நின்றுவிட்டது. என்ன முயன்றும் வரவில்லை. விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அண்ணன்கூட கவனிக்கவில்லை. எவ்வளவு பழகினாலும் உன்னைப் பற்றித் தப்பாகச் சொல்ல என் வாய் வராது, பார்த்தாயா.

அம்மாதான் சாப்பிடாமல் பாதியில் எழுந்து போய்விட்டாள். கால் வலியாம்.

இன்னொரு உதவி. அடுத்த மாதம் பெட்டி தயாரிப்பாளர் சங்கக் கூட்டம். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், என்னை. ஐந்து நிமிஷம் போதும். 'ப', 'க' உனக்கே தெரியும். சீக்கிரம் அனுப்பினால் பழக வசதியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

நான் நலம்.

நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். விடுப்பு கிடைத்துவிட்டது, புடவையும் எடுத்தாகிவிட்டது, வந்தேன். உள்ளே வர எண்ணமில்லை. அம்மாவைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். நீ சொன்ன காபிக் கடையில் தெருவைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்தில் இடம் போதாமல் வாசலிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். என் தொழில் அது, ஒரு எழுத்தும் தப்பவில்லை. மைக்கை நான் சொன்ன தூரத்தில்தான் பிடித்திருந்தாய். மூச்சு எடுக்கும் சத்தம்கூட வரவில்லை. கடைக்காரர் கல்லாவிலிருந்தே, "யாருங்க அது, பிரமாதமா பேசுறாரே" என்றார். என் தம்பி என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் அந்த வரி வந்தது.

நீ திக்கவில்லை. 'அண்ணன் உயிராக நம்பிய' என்று கணீரென்று சொன்னாய். 'ஒருத்தியே' என்று சொல்லி நிறுத்தினாய். அந்த இடத்தில் நான் கோடு போடவில்லை. ஆட்கள் 'ச்சு' கொட்டும்வரை காத்திருந்து, அப்புறம் 'எதிராக நின்றாள்' என்றாய். எப்படிச் சொன்னால் எடுபடும் என்று மாடியில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாயோ.

அம்மா பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தாள். கால் வலி ஒன்றும் இல்லை, விறுவிறுவென்றுதான் நடந்தாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டி வருமே என்று கூப்பிடவில்லை. அவளுக்கு எடுத்த புடவை என்னிடமே இருக்கிறது.

அந்த வரியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. உன் நாக்கைத் தடுக்கிற ஒரு எழுத்தை வைத்திருந்தால் போதும், நீ நின்றிருப்பாய். எனக்கு அது தெரியாதா? வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. நீயாக நிற்பாய் என்று இருந்தேன்.

சங்கக் கூட்டத்துக்கு நான் எழுத வேண்டியதில்லை. உன் கடைசிக் கடிதத்தை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார். உனக்கு இப்போது எதுவும் தடங்கலில்லாமல் வருகிறது.

அக்கா